ஆடிக் கூழும் அன்றாடப் பிட்டும்

ஈழத்துத் தமிழ் இலக்கியத்தில் உணவு பற்றிப் பேச முற்படுவோர் பெரும்பாலும் நவாலியூர் க. சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாடலில் தொடங்குவர்; பலர் அதிலேயே முடித்தும் விடுவர். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் பல தலைமுறைகளாகப் பாலர் வகுப்பிற் பாடி வந்த பாடல் அது. அதன் இடம் அசைக்கமுடியாதது. ஆயினும், ஆண்டில் ஒரு நாள் மட்டும் காய்ச்சப்படும் கூழ் இலக்கியத்தில் நிலைபேறு அடைய, ஏனைய நாட்களில் அடுப்பேறும் பிட்டும் சொதியும் சம்பலும் ஏன் அங்ஙனம் நிலைபெறவில்லை என்ற வினா விமரிசகர்களால் உரிய முறையில் எழுப்பப்படவில்லை. எளிய வீட்டுணவு இலக்கியத்திற்குப் பொருளாகாது என்ற எண்ணம் எழுதப்படாத விதியாகவே இருந்து வந்துள்ளது எனலாம்.

புலவரின் (1878–1953) பாடல் உண்மையில் ஒரு சமையற் குறிப்பு. பயறு வறுத்தல், அரிசி இடித்துத் தெள்ளுதல், தேங்காய் துருவுதல், மாவைக் குழைத்துக் கிள்ளித் தட்டுதல் எனத் தொழில்கள் நிரல்பட வருகின்றன. அந்த நிரலை வைத்துக்கொண்டு இன்றும் ஒருவர் கொழுக்கட்டை அவிக்கலாம். ஆனால் அதன் தொடரமைப்பைச் சற்று நின்று நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். உழைப்பு மிகுந்த தொழில்களெல்லாம் வினையெச்சங்களாக அடுக்கப்பட்டிருக்க, அவற்றுக்குரிய எழுவாய் நெடுநேரம் தோன்றுவதில்லை. கொழுக்கட்டை அவியும் வேளையில், அதாவது பண்டம் உண்ணும் நிலையை அணுகும்போதுதான், அம்மா என்ற சொல் வருகிறது. இடித்தவள், வறுத்தவள், துருவியவள் யார் என்பதைப் பாடல் கேட்பதில்லை. நாளை விடுதலை என்று துள்ளும் குரல் பிள்ளைகளுடையது. பலாவிலை பொறுக்கிக் கோலிக்கொண்டு வருவதே அவர்களுக்குரிய வேலை. தாய்க்கு அந்த நாள் விடுதலை நாளன்று.

இதனைப் புலவரின் குறையாகக் கொள்வது பொருந்தாது. குழந்தையின் கண்வழியே உலகைக் காட்டுவதே அப்பாடலின் நோக்கம். குழந்தையின் கண்ணுக்கு மா தானே இடிபட்டதாகத்தான் தோன்றும். குறை, அக்குழந்தைப் பார்வையிலிருந்து வளராமலே வீட்டுணவை நோக்கிய பின்வந்த கட்டுரையாளர்களுடையது. தாயின் கைமணம் என்ற ஒரு தொடரைச் சொல்லிவிட்டால் அடுப்படி பற்றிச் சொல்லவேண்டியவை அனைத்தும் சொல்லியாயிற்று என அவர்கள் கருதினர்.

பழைய இலக்கியம் இவ்விடயத்திற் கூடுதல் கூர்மையுடையதாக இருந்தமை நோக்கத்தக்கது. குறுந்தொகையின் 167ஆம் பாட்டிற் கூடலூர் கிழார் காட்டும் இளம் மனைவி தயிரைப் பிசைகிறாள். பிசைந்த விரலைத் துடைத்த ஆடையை மாற்றாமலே உடுத்திருக்கிறாள். தாளிதப் புகை கண்ணிற் படியத் தானே துழாவிப் புளிக்குழம்பு ஆக்குகிறாள். உரையாசிரியர்களும் பேராசிரியர்களும் இப்பாட்டின் இறுதியில் வரும் கணவனது பாராட்டையும் அதைக் கேட்ட அவளது முகமலர்ச்சியையும் வியந்துள்ளனர். வியப்பு நியாயமானதே. ஆனால் ஆடையை மாற்ற நேரமில்லாத அந்த அவசரமே பாட்டின் உயிர். சமையலில் நேரம் ஒரு பொருள் என்பதை அறிந்த புலவர் அவர். அரிசி, உப்பு, விறகு போல நேரமும் செலவாகிறது. பெருவிருந்தை விடுத்து ஒரு குழம்பை மட்டும் அவர் தேர்ந்தது அதனாலேயே எனலாம்.

சிறுபாணாற்றுப்படையில் நத்தத்தனார் காட்டும் அடுக்களையோ வேறு. அங்கு குப்பையில் முளைத்த வேளைக்கீரை உப்பின்றி வேகிறது. அயலார் பார்த்துவிடுவர் என நாணிக் கதவடைத்து, சுற்றம் முழுவதும் கூடியிருந்து அதை உண்கிறது. எளிய உணவுக்கும் நாணத்துக்கும் உள்ள உறவு தமிழிற் பழையது. இக்கதவு பின்னர் நெடுங்காலம் திறக்கப்படவில்லை என்றே தோன்றுகிறது.

பிட்டு இலக்கியத்துள் நுழைந்தது புராணத்தின் வழியாகவே. மதுரையில் வைகை பெருக்கெடுக்கிறது. கரையடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்பது அரசாணை. ஆளில்லாத வந்தி உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பேசி இறைவனையே ஆளாக அமர்த்துகிறாள். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் வரும் இக்கதையை யாழ்ப்பாணத்தார் கோயில் விழாக்களிலும் கேட்டும் கண்டும் வந்துள்ளனர். அடி வாங்கிய இறைவனைப் பற்றிப் பேசுவோர் வந்தியின் தொழிலை மறந்துவிடுவர். அவள் பிட்டு அவித்து விற்றுப் பிழைத்தவள். அவள் கையிலிருந்து சென்ற பிட்டு அன்பளிப்பு அன்று, கூலி. ஒரு நாள் மண் சுமக்கும் வேலைக்கு ஒப்பான மதிப்பு அதற்கு இருந்தது. வீட்டுணவுக்கு இத்தகைய கணக்கைப் போட்டுக் காட்டிய கதை தமிழில் வேறு உண்டா என்பது ஆராயத்தக்கது. மட்டுவிலிற் பிறந்த பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்துப் பண்பாட்டைக் கந்தபுராண கலாசாரம் என்றார். அதே மட்டுவில் கத்தரிக்காய்க்கும் பெயர் பெற்றது. புராண படனம் முடிந்து வீடு திரும்பியவர்களுக்கு அக்கத்தரிக்காயைக் கறியாக்கி வைத்தவர்களின் கலாசாரத்திற்குப் பெயரிடத்தான் எவரும் வரவில்லை.

இந்த இடத்தில் விமரிசனம் நூல்களை விட்டுச் சற்று வெளியே வரவேண்டியிருக்கிறது. தென்மராட்சியின் கொடிகாமம் அதற்கு ஏற்ற இடம். யாழ்ப்பாணத்தையும் கண்டியையும் இணைக்கும் ஏ-9 வீதியும் பருத்தித்துறை செல்லும் வீதியும் அங்கே பிரிகின்றன. புகையிரத நிலையமும் சந்தையும் அருகருகே உள்ளன. தெற்கே கச்சாய்க் கடனீரேரி. கிழக்கே மிருசுவில், எழுதுமட்டுவாள், பளை வரை தென்னந்தோட்டங்கள். குடாநாட்டின் ஏனைய பகுதிகளைப் பனையை வைத்து வருணித்துவிடலாம். கொடிகாமத்தில் தென்னையைச் சொல்லாமல் ஆகாது. அதனால் அவ்வூர்ச் சமையலின் இலக்கணத்தை ஒரு தேங்காயிலிருந்து தொடங்கலாம்.

மாலை நான்கு மணிக்குப் பாடசாலையிலிருந்தோ கந்தோரிலிருந்தோ வயலிலிருந்தோ திரும்பும் ஒரு பெண்ணின் முன்னே இரண்டு பாதித் தேங்காய்கள் இருக்கின்றன என்று கொள்வோம். ஒரு பாதியைத் திருவலையில் திருவினால் அதில் ஒரு பங்கு பிட்டுக்குப் பூவாகும். மறுபங்கு செத்தல் மிளகாயோடும் உப்போடும் உரலில் இடிபட்டுச் சம்பலாகும். மற்றப் பாதியின் பூ பிழியப்படும். முதற்பால் தனியே ஒதுக்கப்படும். இரண்டாம் பாலிலும் மூன்றாம் பாலிலும் வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை என்பன வேகும். வெந்தபின் முதற்பால் சேரும். ஒரு கொதி வருமுன்னரே சட்டி இறங்கும். இறங்கிய பின்னரே தேசிக்காய்ப்புளி. இந்த ஒழுங்கு மாறினால் பால் திரைந்துவிடும். கறி என்ற பெயருக்குரிய பொருள் எதுவும் இல்லாத நாளிலும், ஒரு தேங்காயும் ஒரு பிடி வெங்காயமும் இருந்தால் ஐந்து பேருக்கு இராச்சாப்பாடு உண்டு. வீட்டின் பொருளாதார நிலையைச் சொதியின் தடிப்பைக் கொண்டே அளந்துவிடலாம். 2024ஆம் ஆண்டின் இறுதியில் தேங்காய் விலை 200 ரூபா அளவிற்கு ஏறியபோது இலங்கை முழுவதிலும் சொதிகள் நீர்த்துப்போயின.

பிட்டின் செய்முறையும் இவ்வாறே நேரத்தைக் கணித்து அமைந்தது. பச்சையரிசி மாவை வறுப்பது நாள்தோறும் செய்யும் வேலை அன்று. ஒரு நாள் வறுத்து அரித்துப் பேணியில் இட்டுவிட்டால் பல நாட்களுக்குப் போதும். கோதுமை மா எனில் அதைச் சீலையிற் கட்டி முன்னரே அவித்து வைப்பர். அவிக்காத கோதுமை மா நீர் பட்டதும் பசையமுற்றுக் களியாகிவிடும்; ஆவியில் வெந்த மாவோ அப்பசையை இழந்து உதிரும். உணவு இரசாயனம் என்ற பாடம் பல்கலைக்கழகத்திற்கு வருமுன்னரே இவ்வறிவு குசினியில் இருந்தது. (குசினி என்ற சொல்லும் பாண் என்ற சொல்லும் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றவை. சம்பலுக்கு நிறங்கொடுக்கும் மிளகாயும் அவர்கள் வருகையை ஒட்டியே இங்கு வந்தது. தூய யாழ்ப்பாண உணவு என்று மார்தட்டுவோர் இதை மனங்கொள்ளுதல் நன்று.) பின்னர் கொதிநீரும் உப்பும் விட்டு அகப்பைக் காம்பால் கிளறி, பேணி விளிம்பினாற் கொத்தி, பூவைக் கலந்து, பனையோலையால் இழைத்த நீத்துப்பெட்டியில் இட்டு, கொதிக்கும் பானையின் வாயில் வைத்தால் அடுத்த அடுப்பிற் சொதி இறங்கும் வேளைக்குப் பிட்டும் இறங்கும். ஓலை மணமும் மாவின் மணமும் கலந்து எழுவதை வருணிக்கப் புகுந்தால் இக்கட்டுரையும் மேற்சொன்ன கட்டுரையாளர்களின் வழியிற் சென்றுவிடும்.

கறித்தூளும் இவ்வகையினதே. மிளகாய், மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை என்பன தனித்தனியே பதமறிந்து வறுபட்டு, முன்பு உரலிலும் பின்னர் ஆலையிலும் தூளாகின்றன. ஒரு முழுநாளைப் போத்தலில் அடைத்து வைக்கும் வேலை அது. பின்வரும் வாரங்களில் ஒவ்வொரு கறிக்கும் வேண்டிய அரைப்பு வேலை அந்த ஒரு நாளிலேயே முடிந்துவிடுகிறது. யாழ்ப்பாணச் சமையலின் எளிமை என்று சொல்லப்படுவது இதுவே: அது உழைப்பு இல்லாமை அன்று, உழைப்பை முன்கூட்டியே சேமித்து வைத்தல். அரை மணிநேரத்தில் உணவு ஆயிற்று என்று வியப்பவர், அவ்வரை மணிநேரத்தின் பின்னால் அடுக்கப்பட்டிருக்கும் பேணிகளையும் போத்தல்களையும் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஓய்வற்ற குடும்பம் என்பதும் இன்று நேற்றுத் தோன்றியதன்று. யாழ்தேவி ஓடத் தொடங்கிய 1956ஆம் ஆண்டிற்குப் பின் மட்டுமன்றி அதற்கு முன்னும், யாழ்ப்பாணத்து ஆடவரிற் பலர் கொழும்பிலும் மலைநாட்டிலும் அரச உத்தியோகம் பார்த்தனர். மணியோடர் பொருளாதாரம் என்று வருணிக்கப்பட்ட அவ்வமைப்பின் மறுபக்கம், பிள்ளைகளையும் முதியோரையும் தோட்டத்தையும் ஆட்டையும் மாட்டையும் ஒரு பெண் தனித்துப் பார்த்த வீடு. விடுமுறை முடிந்து கொழும்பு திரும்புபவனின் பைக்குள் வாழையிலையிற் சுற்றிய பொதி ஒன்று இருக்கும். அந்தப் பயணத்தையும் அந்த உத்தியோகத்தனையும் நமது புனைகதை நன்கு அறியும், எஸ்.பொ.வின் ‘சடங்கு’ அத்தகைய ஒருவனின் ஊர்வருகையையே நாவலாக்கியது. பொதி கட்டிய கை விடியலில் எத்தனை மணிக்கு எழுந்தது என்பதை எழுதிய புனைகதை அரிது. பின்னர் அப்பெண்ணே ஆசிரியையாகவும் எழுதுவினைஞராகவும் தாதியாகவும் வேலைக்குச் சென்றாள். அடுப்பு மட்டும் கைமாறவில்லை. ஆடிப்பிறப்புப் பாடலை வகுப்பிற் சொல்லிக்கொடுப்பவளும், மறுநாள் கூழ் துழாவுபவளும் ஒருத்தியே.

முற்போக்கு எழுத்தாளர்கள் இங்கே மாற்றுப்பார்வை தந்திருக்க வேண்டியவர்கள். உணவைச் சாதியின் எல்லைக்கோடாக அவர்கள் கண்டமை பெரும் பணி என்பதில் ஐயமில்லை. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறிய பின்னரும் தேநீர்க்கடைகளில் தனிக் குவளை நீடித்த சமூகம் இது. தென்மராட்சியின் மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மன் கோயில் பங்குனித் திங்கட் பொங்கலுக்குப் பெயர்பெற்றது. 1968இல் அதன் வாயிலே ஆலயப் பிரவேசப் போராட்டத்தின் களமாயிற்று. டொமினிக் ஜீவாவும் கே. டானியலும் யார் கையால் யார் உண்ணலாம், யார் எங்கே இருந்து உண்ணலாம் என்ற கேள்வியை இலக்கியத்தின் நடுவிற் கொண்டுவந்து வைத்தனர். அவர்கள் எழுத்தில் பசியும் உண்டு, பந்தியும் உண்டு. ஆயினும் பொதுவாக அம்மரபின் கவனம் கடையையும் கோயிலையும் வயலையும் நோக்கியதாக இருந்ததேயன்றி, ஒடுக்கப்பட்ட குடும்பத்தின் அடுப்படிக்குள் நீடித்து நிற்கவில்லை. நாள் முழுவதும் கூலிக்கு வேலை செய்து இருட்டில் வந்து மரவள்ளி அவிக்கும் பெண், கூலி உழைப்பாளி என்ற அளவிலேயே பாத்திரமானாள். அவளுடைய இரண்டாவது வேலை வர்க்கப் பகுப்பாய்வுக்குள் அடங்கவில்லை.

போர்க்காலம் இக்குறையை இன்னும் தெளிவாக்குகிறது. 1990இல் வடக்குப் புகையிரதப் பாதை மூடப்பட்டது; கொடிகாமத்துக்கு மீண்டும் வண்டி வர 2014 ஒக்டோபர் ஆயிற்று. பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் கைக்கெட்டாப் பொருளான நாட்களில் பனம்மட்டையும் ஊமலும் பொச்சுமட்டையும் மீண்டும் அடுப்பாண்டன. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்தின் மக்கள் இரவோடிரவாகத் தென்மராட்சிக்குள் வந்து சேர்ந்தபோது, சாவகச்சேரியிலும் மீசாலையிலும் கொடிகாமத்திலும் ஒரே வளவுக்குள் பல குடும்பங்களின் கல்லடுப்புகள் எரிந்தன. 2000ஆம் ஆண்டிலே தென்மராட்சி மக்களே தம் வீடுகளை விட்டு ஓட நேர்ந்தது. இந்த இடப்பெயர்வுகள் பற்றிக் கவிதைகளும் சிறுகதைகளும் நிறையவே எழுந்துள்ளன. நடந்த தூரமும் விட்டுவந்த வீடும் அவற்றில் உண்டு. அறியாத வளவில், கடன்வாங்கிய சட்டியில், எத்தனை பேர் என்று தெரியாத கூட்டத்துக்கு முதல் நாள் இரவு உலைவைத்த கணக்கு அவற்றுள் அருகியே காணப்படுகிறது.

புலம்பெயர்வு எளிய உணவுக்கு ஒரு புதிய மதிப்பைக் கொடுத்தது. 2003இல் இந்தியாவில் ஆங்கிலத்தில் வெளியான ராணி தங்கராஜாவின் யாழ்ப்பாணச் சமையல் நூல் தன் துணைத்தலைப்பிலேயே ஒடியற் கூழையும் குரக்கன் பிட்டையும் ஏந்தி நின்றது. முன்பு கதவடைத்து உண்ட உணவு அட்டையில் ஏறியது நல்ல மாற்றமே. ஆனால் அட்டையிலேறிய உணவு சின்னமாகவும் விரைவில் மாறிவிடுகிறது. 2020 நவம்பரில் யாழ்ப்பாண நீதிமன்றில், மாவீரர் நினைவேந்தலைத் தடைசெய்யக் கோரிய வழக்கின்போது, முன்பு பிட்டு உண்டவர்கள் இப்போது பீட்சா உண்கிறார்கள் என்ற கருத்துப்படப் பொலிஸ் அதிகாரி ஒருவர் கூறினார். சினம் எழுந்தது, எழுந்தது முற்றிலும் நியாயம். ஒரு சமூகத்தின் அன்றாட உணவை அதன் பின்தங்கிய நிலைக்குச் சான்றாகக் காட்டும் பேச்சு அது. எனினும் அதற்குக் கூறப்பட்ட மறுமொழிகளிற் பலவும் பிட்டை எமது அடையாளம், எமது தொன்மை என்ற அளவிலேயே தூக்கிப் பிடித்தன. ஏளனம் செய்தவருக்கும் பெருமை பேசியவருக்கும் பிட்டு ஒரு கொடியாகவே இருந்தது. நீத்துப்பெட்டியை இறக்கும்போது ஆவியிற் சுடும் கையைப் பற்றி இரு தரப்பும் பேசவில்லை.

2009இன் இறுதிக்கட்டப் போரில் உயிர்தாங்கிய கஞ்சி, இன்று ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் வடகிழக்கின் வீதியோரங்களிற் காய்ச்சி வழங்கப்படுகிறது. அரிசி, நீர், உப்பு. இதைவிட எளிய உணவு இல்லை. இதைவிடக் கனத்த பொருள் ஏற்றப்பட்ட உணவும் ஈழத்தமிழரிடம் வேறில்லை. ஆடிக் கூழுக்குப் புலவர் செய்ததை இக்கஞ்சிக்குச் செய்ய ஒரு கவிஞர் வரக்கூடும். அப்படி வருபவர் எந்த எழுவாயை வைத்துத் தம் தொடரை அமைப்பார் என்பதை அப்போது பார்க்கலாம்.

அதுவரை, கொடிகாமத்துச் சந்தைக்கு அப்பால் உள்ள வீடுகளில், இரவு மிஞ்சிய பிட்டு மூடிவைக்கப்பட்டிருக்கிறது. விடிந்ததும் அது முதல்நாள் மீன்கறியோடு குழைபடும். மாங்காய்க் காலமெனில் கறுத்தக்கொழும்பானோடு, பலாக் காலமெனில் பலாச்சுளையோடு. ஏழு மணி வண்டிக்குப் போகவேண்டியவர்கள் நின்றுகொண்டே உண்பர். அந்த ஒரு நேரத்துக்கு மட்டும் அடுப்பு மூட்டப்படுவதில்லை.